பொருள்: பற்றவைப்பா, எரிபற்றலா? சுழலி எஞ்சின் காணொளிக்குச் சொற்கள் வேண்டும்

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். நம் சிட்னி நண்பர், மஸ்தா காரின் 13பி ரோட்டரி எஞ்சினுக்கு (பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழல்வது) பெரிய டர்போ மாட்டி 700 குதிரைத்திறன் எடுப்பதைப் பற்றித் தமிழில் ஒரு காணொளித் தொடர் செய்கிறார். திரைக்குக் கீழே ஓடும் எழுத்துகள் என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். மூன்று பகுதிகள் முடிந்துவிட்டன. ரோட்டருக்குச் சுழலி, ரோட்டரி எஞ்சினுக்குச் சுழலி எஞ்சின் என்று வைத்தேன், யாரும் ஆட்சேபிக்கவில்லை. நான்காம் பகுதி இக்னிஷன் சிஸ்டம் தேர்வு. அங்கேதான் நின்றுபோனேன்.

என் வரைவு: பற்றவைப்பு அமைப்பு. அதில் இரண்டு வகை: தூண்டல் பற்றவைப்பு (இண்டக்டிவ்), மின்தேக்கி மின்னிறக்கப் பற்றவைப்பு (கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் இக்னிஷன், சுருக்கமாகச் சிடிஐ). பிளக்குகள்: முன் செருகி (லீடிங்), பின் செருகி (டிரெயிலிங்). ஒரே காயில் (மின்சுருள்) இரண்டு பிளக்குக்குப் பொறி விடும்போது எரிக்க ஒன்றுமில்லாத அறையில் விழுவது வீண்பொறி. இவற்றில் இரண்டாவது வகையின் பெயர் திரையில் ஒரு வரியில் அடங்கவே மாட்டேன் என்கிறது.

திருச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, பற்றவைப்பு என்பது அடுப்புக்கும் பீடிக்கும் சரி. இது ஒரு கருவித் தொகுதியின் பெயர் அல்லவா? நம்மிடம் ஞெலிதல் என்ற வினை இருக்கிறது, கடைந்து தீ உண்டாக்குதல். புறநானூறு 315இல் ஔவையார், வீட்டுக் கூரையில் செருகிவைத்த ஞெலிகோலாக (தீக்கடைகோலாக) அதியமானைப் பாடுகிறார். சும்மா கிடக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, வேண்டும்போது பெருந்தீயைக் கக்கும். இக்னிஷன் இதைத்தானே செய்கிறது? ஞெலிப்பு என்றால் செயல், ஞெலியம் என்றால் கருவித் தொகுதி. இரண்டே எழுத்து வேர், எத்தனை சொல் வேண்டுமானாலும் கிளைக்கும்.

இன்னொன்று. பொறி என்ற சொல்லில் கவனம் வேண்டும். இயந்திரமும் பொறி, நெருப்புத் துளியும் பொறி, கண், காது முதலான ஐந்து உறுப்புகளும் பொறி. குறள் 618இல் வரும் ‘பொறியின்மை’க்கு ஊழ் என்று உரை சொன்னவர்களும் உண்டு, உறுப்பு என்று சொன்னவர்களும் உண்டு. “பொறியில் பொறி இல்லை” என்று எழுதினால் வாசிப்பவன் என்ன செய்வான்?

மதுரை, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

ஐயா, ஞெலியம் என்று கரும்பலகையில் எழுதினால் என் பையன்கள் முதலில் அதை எப்படி வாசிப்பது என்று கேட்பார்கள். டூவீலர் பட்டறையில் ஐந்தாம் வகுப்போடு நின்ற பையனும் “சிடிஐ போயிடுச்சு, மாத்தணும்” என்று சொல்கிறான். மின்தேக்கி மின்னிறக்கம் என்றால் அவனுக்குப் புரியாது. சிடிஐ என்றால் கருப்புப் பெட்டி, நாலு ஒயர், மேலே பிடிக்கும் நட்டு வரை கண்முன் வரும். பல வருடமாகப் புழங்கும் சொல் அது. அதை எடுத்துவிட்டு எதை வைக்கப் போகிறோம்?

சிட்னி:

எல்லாருக்கும் நன்றி. நாங்கள் யாழ்ப்பாணத்தில் படித்தது எரிபற்றல் தொகுதி. அமைப்பு என்று சொல்வதில்லை. கெப்பாசிட்டர் எங்களுக்குக் கொள்ளளவி. அதை விட்டுக்கொடுக்க எனக்குச் சம்மதம், தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்கள்தான் அதிகம்.

ஆனால் “தூண்டல் பற்றவைப்பு” என்பதை மட்டும் போட வேண்டாம். சிடிஐயிலும் காயில் இருக்கிறது, அதுவும் மின்தூண்டலால்தான் வோல்டேஜைக் கூட்டுகிறது. வித்தியாசம் சக்தி எங்கே சேர்ந்து நிற்கிறது என்பதில். ஒன்றில் காயிலின் காந்தப் புலத்தில், மற்றதில் கெப்பாசிட்டரில். இந்த எஞ்சினில் தேர்வே அதை வைத்துத்தான் நடக்கிறது.

சுழலி ஒன்றுக்கு இரண்டு பிளக். அறை நீண்டு மெலிந்து, எரியும்போதே நகர்ந்துகொண்டும் இருப்பதால் ஒன்று போதாது. 1991இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மஸ்தா 787பி காரில் சுழலிக்கு மூன்று. சாதாரண நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்குத் தண்டு இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பொறி, இங்கே ஒரு சுழலிக்குத் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. 8000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 8000 சுற்று) ஒரு சுற்று 7.5 மில்லிநொடி. கம்பனி விட்ட அமைப்பில் இரண்டு சுழலியின் லீடிங் பிளக்குக்கும் ஒரே காயில், ஆகவே அதற்குக் கிடைப்பது 3.75 மில்லிநொடி. காயில் நிரம்பவே கிட்டத்தட்ட அவ்வளவு வேண்டும், பொறி எரியவும் நேரம் வேண்டும். டர்போ அழுத்தம் ஏற ஏறப் பிளக் இடைவெளியைத் தாண்டத் தேவையான வோல்டேஜும் ஏறும். அரைகுறையாக நிரம்பிய காயில் அங்கே தவறும்.

கெப்பாசிட்டர் சட்டென நிரம்பும், வோல்டேஜும் மின்னல் வேகத்தில் ஏறும். சுழலி முனையில் கசிவைத் தடுக்கும் சீல் தேயாமலிருக்க அறைக்குள் எண்ணெய் விடுவதால் பிளக் நனைந்து கரி பிடிக்கும். அப்படிப்பட்ட பிளக்கிலும் கசிவதற்கு முன்னே பொறி பாய்ந்துவிடும். அதனால்தான் பழைய ஆட்கள் சிடிஐயை விடவில்லை. குறை என்னவென்றால் அந்தப் பொறி மிகக் குறுகியது. இப்போது டிரைவர் (காயிலை இயக்கும் மின்சுற்று) உள்ளேயே அமைந்த வலுவான காயில்கள் வந்துவிட்டன. பிளக்குக்கு ஒன்றாக நாலு போட்டால் 7.5 மில்லிநொடி முழுதும் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும், பொறியும் நீண்டு நிற்கும். காணொளியில் நான் தேர்வது அதுதான். பெயரில் இந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

சென்னை, மொழியியல் ஆய்வாளர்:

அப்படியானால் மின்தேக்கி என்ற பெயரே வழி காட்டுகிறது. அது மின்னூட்டத்தைத் தேக்குகிறது, சுருள் காந்தத்தைத் தேக்குகிறது. சுருள்தேக்கப் பற்றவைப்பு, மின்தேக்கிப் பற்றவைப்பு. மின்னிறக்கம் என்பதைப் பெயரிலிருந்து எடுத்துவிடலாம், தேக்கியது இறங்கத்தான் செய்யும்.

முன் செருகி, பின் செருகி எனக்கு ஒப்பவில்லை. முன் என்றால் இடமா, காலமா? சிட்னி நண்பர் சொல்லட்டும்: சுழலியின் முனை எந்தப் பிளக்கை முதலில் கடக்கிறது?

சிட்னி:

டிரெயிலிங்கை. மேலே இருப்பது அது. முனை அதைக் கடந்துதான் கீழே லீடிங்குக்கு வருகிறது. ஆனால் பொறி முதலில் விழுவது லீடிங்கில். டிரெயிலிங் சில பாகை பிந்தித்தான்.

சென்னை, மொழியியல் ஆய்வாளர்:

அப்போது முன், பின் இரண்டும் குழப்பும். வினையாக வையுங்கள்: முந்துபொறி, பிந்துபொறி. பிளக்குகள் முந்துபொறிச் செருகி, பிந்துபொறிச் செருகி. வினைத்தொகை என்பதால் நடுவில் வல்லினம் மிகாது, முந்துப்பொறி என்று யாரும் திருத்திவிட வேண்டாம். எது முதலில் எரிகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது.

திருச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

முந்துபொறி, பிந்துபொறி மிக அழகு. ஊறுகாய், சுடுசோறு வரிசையில் உட்கார்ந்துவிட்டன. வீண்பொறிதான் உறுத்துகிறது. அந்தப் பொறி குற்றம் ஒன்றும் செய்யவில்லையே, எரிக்க ஆள் இல்லாத அறையில் விழுகிறது, அவ்வளவுதான். வறும்பொறி என்று வைக்கலாம். ஞெலியத்தையும் நான் கைவிடவில்லை.

மதுரை, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

செருகி வேண்டாம், பிளக் போதும். முந்துபொறி பிளக் என்று நாளைக்கே வகுப்பில் சொல்லிவிடுவேன்.

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

நேரமாகிவிட்டது, இப்படிப் போடுகிறேன். பற்றவைப்பு அமைப்பு. முதல் வகை சுருள்தேக்கப் பற்றவைப்பு. இரண்டாவதற்கு முதல் தடவை மின்தேக்கிப் பற்றவைப்பு, பிறகு எல்லா இடத்திலும் சிடிஐ. முந்துபொறி பிளக், பிந்துபொறி பிளக். வீண்பொறி அப்படியே நிற்கிறது, வறும்பொறிக்கு ஒருவர்தான் கை தூக்கினார். ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திருச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வகைக்குத் தமிழ், மறு வகைக்கு மூன்று ஆங்கில எழுத்து என்பது எந்த நியாயம் தம்பி? சுருள்தேக்கம் திரையில் அடங்குகிறது என்றால் மின்தேக்கியும் அடங்கும். எழுத்தை எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் பகுதிக்குள் இதைத் தீர்த்தாக வேண்டும்.