624101 பகா எண்ணா?

பூண்டுக்கடை: கொடைக்கானலிலிருந்து மலைப்பூண்டு பார்சல் அனுப்புகிறேன். 624101 என்று பின்கோடு எழுதி எழுதியே, அது 790² + 1 என்பது கண்ணில் பட்டது. 3, 7, 11, 19 எதிலும் வகுபடவில்லை. பகா எண்தானே?

கணக்கு டீச்சர்: இல்லைங்க, 281 × 2221. நீங்கள் வகுத்துப் பார்த்ததெல்லாம் வீண். வர்க்கத்தோடு 1 கூட்டினால், அதை வகுக்கும் ஒற்றைப்படைப் பகா எண் எதுவானாலும் 4-ஆல் வகுக்க மீதி 1 வரும். 5, 13, 17, 29 என்று போயிருக்கணும்.

பழைய மாணவன்: 650² + 449² போட்டாலும் இதே எண்தான்! 281 = 16² + 5², 2221 = 45² + 14². அந்தக் காலத்துக் கணித மேதை பிரம்மகுப்தர் சொன்ன முறையில் இவற்றைப் பெருக்கினால் 790² + 1², 650² + 449² என்ற இரண்டு வழியும் கிடைக்கும். பகா எண்ணாக இருந்திருந்தால் இப்படி இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத ஒரே வழிதான்.

பூண்டுக்கடை: கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன், சரிதான். ஊட்டிக்காரர்கள் 643001-ஐத் தூக்கிக்கொண்டு வரட்டும், பார்க்கலாம்.