பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினதும் விண்டோஸ் ஏற மாட்டேங்குதா? பட்டவங்க சொல்லுங்க

பத்மநாபபுரத்தான்:
மார்த்தாண்டம் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் எங்கள் அத்தானுக்கு நடந்தது இது. கல்யாண ஆல்பம் வேலை முழுக்க ஒரே டெஸ்க்டாப்பில். பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஏறுவதற்குள் டீக்கடை போய் வந்துவிடலாம் என்கிற நிலைமை, அதனால் ஒரு கடையில் கொடுத்து எஸ்எஸ்டி (வேகமான புது வகை டிஸ்க்) போட்டார். கடைக்காரர் அதில் புது விண்டோஸ் ஏற்றி, பழைய டிஸ்க்கைப் படம் சேர்த்து வைக்க அப்படியே உள்ளே விட்டுக் கொடுத்தார். சிஸ்டம் பறந்தது. ஆடி மாதம், ஆர்டர் குறைவு, 'டக் டக்' என்று சத்தம் போட ஆரம்பித்திருந்த அந்தப் பழைய டிஸ்க்கில் இருந்த படங்களை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுக் கழற்றி வைத்தார். சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரை, பூட் டிவைஸ் (விண்டோஸை ஏற்றும் டிஸ்க்) இல்லை என்று ஒரே ஒரு வரி. கடைக்குப் போன் பண்ணினால் "விண்டோஸ் போயிருக்கும், கொண்டு வாங்க, ஃபார்மட் பண்ணிரலாம்" என்று பதில். "மக்கா, உள்ளே கிடக்கது கொடுக்க வேண்டிய ஆல்பமாக்கும், ஒரு எட்டு வந்து பாரு" என்று அடுத்த போன் எனக்கு.

பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங்ஸ்) போய்ப் பார்த்தால் எஸ்எஸ்டியின் பெயரும் அளவும் ஒழுங்காகத் தெரிகிறது. அப்படியென்றால் டிஸ்க் சாகவில்லை. ஆனால் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற பெயர் இல்லை. பழைய டிஸ்க்கின் ஒயரைத் திரும்ப மாட்டினேன், ஜம்மென்று ஏறியது. அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது: விண்டோஸ் இருப்பது எஸ்எஸ்டியில், அதை எழுப்பிவிடும் ஃபைல்கள் இருப்பது பழைய டிஸ்க்கில்.

இப்போதைய யுஇஎஃப்ஐ (பழைய பயாஸின் இடத்தில் வந்தது) போர்டுகள் பவர் வந்ததும் நேராக சி டிரைவைத் தேடிப் போகாது. இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று ஒரு குட்டி இடம், பெரும்பாலும் 100 எம்பி, ஃபேட்32-இல் இருக்கும், டிரைவ் எழுத்து கூட இல்லாததால் நம் கண்ணில் படாது. போர்டு அதிலிருக்கும் பூட் மேனேஜரைத்தான் முதலில் எடுக்கும், விண்டோஸ் எந்த டிஸ்க்கில் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்பதை அது சொல்லும். புதிதாக ஏற்றும்போது வேறொரு டிஸ்க்கில் ஏற்கெனவே அந்த இடம் இருந்தால், இன்ஸ்டாலர் புதிதாக ஒன்றை உண்டாக்காமல் இருப்பதையே எடுத்துக்கொள்ளும். கடைக்காரர் பழைய டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டு ஏற்றியிருந்தால் இது வந்திருக்காது, ஆனால் அந்த ஒயரைப் பிடுங்காதவர்கள் நிறையப் பேர், அதற்கு அவரைத் திட்ட மாட்டேன். பார்க்காமலேயே ஃபார்மட் என்று சொன்னாரே, அதற்குத்தான் எனக்கு வெப்ராளம் வந்தது.

பழைய டிஸ்க்கை மாட்டியபடியே விண்டோஸுக்குள் போய், கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து டிஸ்க்பார்ட் (டிஸ்க்கின் பார்ட்டிஷன்களை மாற்ற விண்டோஸிலேயே இருக்கும் கருவி). லிஸ்ட் டிஸ்க் கொடுத்து, அளவை வைத்து எஸ்எஸ்டி எது என்று பார்த்து செலக்ட் பண்ணினேன் (ஜிபிடி, அதாவது யுஇஎஃப்ஐ-க்கு ஏற்ற டிஸ்க் அமைப்பு, என்ற தலைப்பின் கீழே அதற்கு நட்சத்திரக் குறி இருக்க வேண்டும்). சி பார்ட்டிஷனை செலக்ட் பண்ணி ஷ்ரிங்க் கமாண்டில் 300 எம்பி எடுத்தேன், கிடைத்த இடத்தில் கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ, சைஸ் 260. அப்புறம் ஃபேட்32-இல் குயிக் ஃபார்மட், அசைன் பண்ணி எஸ் என்று ஓர் எழுத்து, எக்ஸிட். கடைசியில் பூட் ஃபைல்களை எழுதும் பிசிடிபூட் (bcdboot) கமாண்ட்: அதன் பின்னால் சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டர், பிறகு சாய்கோடு எஸ் போட்டு நம் எஸ் டிரைவ், சாய்கோடு எஃப் போட்டு யுஇஎஃப்ஐ. பூட் ஃபைல்கள் உருவாகிவிட்டன என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். ஆஃப் பண்ணி, பழைய டிஸ்க்கைக் கழற்றி, பயாஸில் எஸ்எஸ்டியை முதலில் வைத்தேன். ஏறியது. சாயா குடிக்கிற நேரம்தான் ஆனது.

யூடியூபில் சில பேர் டிஸ்க்பார்ட்டுக்குள் போனதும் 'கிளீன்' அடிக்கச் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம், அது செலக்ட் பண்ணிய டிஸ்க்கின் பார்ட்டிஷன் எல்லாவற்றையும் துடைத்துவிடும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஓடுகிற மெஷின் என்றால் முதலிலேயே அதை சஸ்பெண்ட் பண்ணிவிட்டு, 48 இலக்க ரெக்கவரி கீயைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

கடலோரக் காத்து:
எங்கள் ஊர், குளச்சல் பக்கம், ஒரு கோயில் ஆபீஸில் இதைவிட வேடிக்கை. அங்கே சிபியு பின்னால் எப்போதும் ஒரு பென்டிரைவ் சொருகியிருக்கும், அசையாமல் இருக்க செல்லோ டேப் வேறு. கேட்டால் "அதை எடுத்தா கம்ப்யூட்டர் ஓடாது, அது சாவியாக்கும்" என்பார் கணக்கு எழுதுகிற அண்ணன். திருவிழா நேரத்தில் பாட்டு காப்பி பண்ண ஒரு பையன் அதை உருவிக்கொண்டு மைக் செட்காரரிடம் போய்விட்டான். மறுநாள் காலையில் சிஸ்டம் ஏறவில்லை, ஆளாளுக்குப் பையனைப் பிடித்து ஏச்சு. அண்ணன் சொன்னது சரிதான் பார்த்தீர்களா, பழைய பயாஸ் மெஷின், விண்டோஸ் ஏற்றிய பென்டிரைவையே முதல் டிஸ்க்காக எடுத்துக்கொண்டு பூட் ஃபைல்களை அதிலேயே வைத்திருக்கிறது. திரும்பச் சொருகினால் ஓடுகிறது.

ரப்பர் பால்:
சார், என்னுடையதும் பழசுதான், குலசேகரத்தில் தம்பியின் கடையில் பில் போடுகிற மெஷின். விண்டோஸ் 7 காலத்து டிஸ்க்கில் சிஸ்டம் ரிசர்வ்ட் என்று 100 எம்பி இருக்கிறது, விண்டோஸ் 10 இருப்பது எஸ்எஸ்டியில். இஎஃப்ஐ என்று எதுவுமே காணோம். நீங்கள் சொன்ன அதே கமாண்ட் போதுமா?

பத்மநாபபுரத்தான்:
போதாது. உங்களுடையது எம்பிஆர் முறை (பழைய பயாஸ் மெஷின்களின் டிஸ்க் அமைப்பு), அதில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் போட்டுப் பயன் இல்லை. எஸ்எஸ்டியில் சி பார்ட்டிஷனை செலக்ட் பண்ணி 'ஆக்டிவ்' என்று அடியுங்கள். அப்புறம் பிசிடிபூட், ஆனால் சாய்கோடு எஸ்-க்குப் பின்னால் சி டிரைவ், எஃப்-க்குப் பின்னால் பயாஸ். அதற்கும் ஏறவில்லை என்றால் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் பண்ணி பூட்செக்ட் (bootsect) கமாண்ட், சாய்கோடு என்டி60, சி டிரைவ், சாய்கோடு எம்பிஆர். ஆக்டிவ் போடும் முன் எந்த டிஸ்க் என்று இன்னொரு முறை பாருங்கள், பில் போடுகிற கடை, விளையாட்டு இல்லை.

கோட்டாறு மாணவன்:
அண்ணா, உபுண்டுவிலும் இதே கூத்து உண்டு. பழைய இன்ஸ்டாலரில் பூட் லோடரை இரண்டாவது டிஸ்க்கில் போடு என்று நாம் தேர்ந்தெடுத்தாலும், அது முதல் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே கொண்டு வைத்துவிடும். ஹாஸ்டலில் என் நண்பன் உபுண்டு இருந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு லேப்டாப்பில் போட்டுப் பார்த்து, அது சும்மா முழித்துக்கொண்டு நின்றது. இங்கே எனக்கு ஒரு சந்தேகம், பழைய டிஸ்க் சுத்தமாகச் செத்துப்போய், விண்டோஸுக்குள்ளேயே போக முடியவில்லை என்றால்?

பத்மநாபபுரத்தான்:
இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் பண்ணு தம்பி. முதல் திரையிலேயே ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கமாண்ட் ப்ராம்ப்ட் வரும், மற்றதெல்லாம் அதே வேலை. ஒரே ஒரு வித்தியாசம், அங்கே டிரைவ் எழுத்துகள் மாறிக் கிடக்கும், நம்ம சி அங்கே டி ஆகவோ ஈ ஆகவோ இருக்கலாம். லிஸ்ட் வால்யூம் போட்டு, விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று டிஐஆர் அடித்துப் பார்த்துவிட்டு, அந்த எழுத்தை பிசிடிபூட்டில் கொடு.

கடலோரக் காத்து:
இன்னொன்று. எல்லாம் சரியான பிறகு அந்தப் பழைய டிஸ்க்கைத் திரும்ப உள்ளே மாட்டி டேட்டாவுக்கு வைத்துக்கொள்ளலாமா? அதில் பழைய பூட் ஃபைல் கிடக்குமே.

பத்மநாபபுரத்தான்:
டக் டக் கேட்கிற டிஸ்க்கை யாரும் வைக்காதீர்கள், நல்ல டிஸ்க் என்றால் தாராளமாக வைக்கலாம். அதில்லாமலேயே சிஸ்டம் ரெண்டு மூணு தடவை ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்த்த பிறகு மாட்டுங்கள். பழைய இஎஃப்ஐ பார்ட்டிஷன் கிடந்தால் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் இரண்டு தெரிந்து குழப்பலாம். டிஸ்க் மேனேஜ்மெண்டில் ரைட் கிளிக் பண்ணினால் அதை அழிக்கிற வழி வராது, டிஸ்க்பார்ட்டில் அந்தப் பார்ட்டிஷனை செலக்ட் பண்ணி டிலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைட் (override) என்று கொடுத்தால் போய்விடும். அளவு 100 எம்பி தானா என்று பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள்.