இம்யூனோமாடுலேட்டர்: 'எதிர்ப்பாற்றல் ஏற்றிறக்கி' என்ற சொல்லை முன்வைத்து

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் மருத்துவ ஆய்வக நுட்பம் படிக்கும் மாணவர்களுக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், உடலின் நோயெதிர்ப்புச் செயலைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் பொருளைக் குறிக்கும் 'இம்யூனோமாடுலேட்டர்' என்பதற்கான தமிழ்ச்சொல் இன்னும் முடிவாகவில்லை. உங்களில் ஒருவர் 'எதிர்ப்பாற்றல் தூண்டி' என்றும், இன்னொருவர் 'எதிர்ப்பாற்றல் சீராக்கி' என்றும் எழுதியிருந்தீர்கள். செலாங்க் என்னும் பெப்டைடை (அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலியை)க் கொண்டு இரண்டையும் உரசிப் பார்த்தேன்; இரண்டுமே பொருந்தவில்லை.

செலாங்க் உருவானது டஃப்ட்சின் என்ற இயற்கைப் பெப்டைடிலிருந்து. இது 1970இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது. பெயரும் அங்கிருந்தே வந்தது. இம்யூனோகுளோபுலின் ஜி என்ற எதிர்ப்பொருளின் கனச் சங்கிலியிலிருந்து த்ரியோனின், லைசின், புரோலின், ஆர்ஜினின் ஆகிய நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட துண்டை நொதிகள் வெட்டி விடுவிக்கின்றன. வெட்டுகளில் ஒன்று மண்ணீரலில் நடப்பதால், மண்ணீரல் அகற்றப்பட்டவர்களிடம் டஃப்ட்சினின் செயல்பாடு குறைந்து காணப்படுகிறது. விழுங்கணுக்கள் கிருமிகளை விழுங்குவதை இது ஊக்குகிறது, ஆனால் குருதியில் விரைவாகச் சிதைந்துவிடுகிறது. எனவே மாஸ்கோவின் மூலக்கூற்று மரபியல் நிறுவனத்தார் அதன் வால்பகுதியில் புரோலின், கிளைசின், புரோலின் என மூன்றைச் சேர்த்து, நொதிகளுக்கு எளிதில் இரையாகாத ஏழலகுப் பெப்டைடாக்கினர். அதுவே செலாங்க்.

இதைக் கரும்பலகையில் எழுதி விளக்கியபோது, பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வரும் மாணவி ஒருவர், "அப்போ இது கடையில விக்கிற எதிர்ப்புச் சக்தி டானிக் மாதிரியா சார்?" என்று கேட்டார். 'தூண்டி' என்ற சொல் அந்த எண்ணத்தைத்தான் வளர்க்கும். ஆய்வு முடிவுகளோ ஒரே திசையில் செல்லவில்லை. மனச்சோர்வு நோயாளிகளின் குருதி அணுக்களை ஆய்வகத்தில் வைத்துச் சோதித்தபோது, அழற்சியில் பங்குபெறும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்துக்கான மரபணுவின் வெளிப்பாட்டைச் செலாங்க் அடக்கியது. நலமானவர்களின் அணுக்களில் அவ்வாறு நிகழவில்லை. மூளையிலும் இதே போக்குதான். எலிகளின் மூக்கில் இட்டபோது, நரம்பணுக்களின் வளர்ச்சிக்குத் துணைநிற்கும் பிடிஎன்எஃப் என்ற புரதத்தின் வெளிப்பாடு நினைவாற்றலுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் கூடியது; நெடுநாள் எத்தனால் கொடுக்கப்பட்ட எலிகளிலோ, அதே புரதம் மிகுவதைச் செலாங்க் தடுத்தது. உடலின் அப்போதைய நிலையைப் பொறுத்து ஓரிடத்தில் கூட்டியும் ஓரிடத்தில் குறைத்தும் செயற்படுவதைத் 'தூண்டி' என்பது தவறு.

'சீராக்கி' மேலானதுதான். ஆயினும் சீராகிவிட்டது என்ற தீர்ப்பை அது முன்கூட்டியே வழங்கிவிடுகிறது. பெரும்பாலும் எலிகளிலும் சுண்டெலிகளிலும் கிடைத்த முடிவுகளுக்கு அவ்வளவு உறுதி தருவது நோயாளிகளுக்குச் செய்யும் நன்மையாகாது. 'மாடுலேஷன்' என்பதற்குப் பள்ளி இயற்பியலில் உள்ள 'பண்பேற்றம்' வானொலி அலைக்கு நன்கு பொருந்துகிறது. உடலுக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

எனவே 'எதிர்ப்பாற்றல் ஏற்றிறக்கி' என முன்மொழிகிறேன். காசிமேட்டிலும் துறைமுகத்திலும் இது சரக்கை ஏற்றி இறக்கும் பொறியாகக் கேட்கும் என்ற தடையை எதிர்பார்க்கிறேன். முன்னால் 'எதிர்ப்பாற்றல்' நிற்கும்வரை அந்த மயக்கம் எழாது. தனியே 'ஏற்றிறக்கி' என்று எழுதுவதை மட்டும் தவிர்ப்போம். வினைவடிவம் 'ஏற்றியிறக்குதல்', நரம்பு மண்டலத்துக்கு 'நரம்பு ஏற்றிறக்கி'.

'பெப்டைடு' பாடநூல்களில் வேரூன்றிவிட்டதால் அப்படியே இருக்கட்டும். 'சிந்தடிக்' என்பதற்கு மட்டும், போலி என்ற நிழல் படியும் 'செயற்கை'யைவிடத் 'தொகுப்புப் பெப்டைடு' என்பதே எனக்கு ஏற்புடையது. மாற்றுச் சொல் தருவோர், செலாங்க் கூட்டியதையும் குறைத்ததையும் அச்சொல் ஒருங்கே தாங்குகிறதா என்று பார்த்துத் தருமாறு வேண்டுகிறேன்.