ஸ்ட்ராட்டஜி அனாலிசிஸ்: ‘உத்திப் பகுப்பாய்வு’ பொருந்துமா?

> ‘உத்திப் பகுப்பாய்வு’ என்றே வைத்துவிடலாமே. உத்தி எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே?

ஐயா, வணக்கம். வளர்ச்சித் திட்டம் தீட்டும்போது வரும் ‘ஸ்ட்ராட்டஜி அனாலிசிஸ்’ என்ற கட்டத்துக்குத்தான் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். உத்தி தெரிந்த சொல்தான், சிக்கலே அங்கேதான். உத்தி என்றால் எங்கள் வேலூர்ப் பக்கம் சாமர்த்தியம், குறுக்குவழி என்ற வாடை அடிக்கும். வியூகம் தேர்தல்காரர்கள் கைக்குப் போய்விட்டது. மூலோபாயம் இலங்கை நண்பர்களுக்குப் பழக்கம். இங்கே ஏதோ கஷாயம் என்று நினைப்பார்கள்.

என்ன வேலை நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். ஒரு திட்டத்தின் குறிக்கோள், பணிகளை ஒரே அட்டவணையில் அடக்குவது லாக்ஃபிரேம். 1969இல் அமெரிக்க உதவி நிறுவனமான யூஎஸ்எய்டுக்காக உருவானது. 1980களில் ஜெர்மனியின் உதவி நிறுவனமான ஜிடிஸெட் அதன் முன்னால் ஒரு மரத்தை நட்டது. முதலில் சிக்கல் மரம்: நடுவில் சிக்கல், கீழே காரணங்கள், மேலே விளைவுகள். அதையே சிக்கல் தீர்ந்த நிலையாகத் திருப்பி எழுதினால் குறிக்கோள் மரம். அதில் எதைத் திட்டம் எடுத்துக்கொள்ளும், எதை விடும் என்பதுதான் நாம் பெயர் தேடும் கட்டம்.

வெளிநாட்டு நிதியில் வரவிருந்த தண்ணீர்த் திட்டத்துக்காக ஆம்பூர் அருகே ஓர் ஊரில் உட்கார்ந்தோம். கோயில் சுவரில் சார்ட். நடுவில் ‘கெணத்துத் தண்ணி உப்பு’ என்ற அட்டை. கீழே ‘தோல் ஷாப்புக் கழிவு’, ‘பாலாத்துல மணல் இல்ல’, ‘மழைத்தண்ணி நிக்கல’. திருப்பி எழுதியபின் ஒவ்வொன்றுக்கும் பணம், காலம், யார் கையில் இருக்கிறது என்று கேட்டோம். தோல் கழிவு 1996இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன விவகாரம். மூன்று வருடத் திட்டம் அதில் என்ன கிழிக்கும்? அது போனது. ஓர் அம்மா எழுந்துவந்து ‘மணல் அள்ளுறது நிக்கும்’ அட்டையைப் பிய்த்து, “இது நம்ம கையில இல்ல சாமி” என்று ஓரமாக ஒட்டினார். லாக்ஃபிரேம் அட்டவணையின் நான்காவது நெடுவரிசையில் ‘அனுமானம்’ என்று எழுதுகிறோமே, அதையேதான் அவர் செய்தார்.

ஆக, பெயரில் கழித்தல் தெரியவேண்டும். ‘கிளைத்தேர்வு’ என்று சொல்லிப்பார்த்தேன். “பேங்க் பரீட்சையா சார்?” என்றான் ஒரு பையன். எனவே என் பரிந்துரை: கிளைத்தெரிவு.

> என் பரிந்துரை: கிளைத்தெரிவு.

அண்ணா, தெரிவு சரி. குறளின் 47ஆம் அதிகாரமே தெரிந்துசெயல்வகைதான். அங்கே தெரிதல் என்றால் ஆராய்தல். ஆனால் கிளை இடிக்கிறது. சிக்கல் மரத்தில் காரணங்கள் வேர், விளைவுகள்தான் கிளை. நீங்கள் கழித்த அட்டைகள் எல்லாம் வேரில் இருந்தவை. குறிக்கோள் மரத்தில் அந்த வேர்கள் வழிகளாக மாறுகின்றன. ‘வழித்தெரிவு’ என்றால் என்ன?

> ‘வழித்தெரிவு’ என்றால் என்ன?

பிடித்தீர்கள் தம்பி. எனக்குச் சம்மதம். அட்டையைச் சரியாகக் கழித்த அந்த அம்மாவிடம் ‘வழியைத் தெரிஞ்சு எடுத்தோம்’ என்று சொன்னால் விளக்கவுரை தேவைப்படாது. சொற்பட்டியலில் ஏற்றிவிடுங்கள். குறிக்கோள் மரத்தை ‘இலக்கு மரம்’ என்பவர்களோடு சண்டை அடுத்த வாரம்.