உதவி: டயமன்ட் ஸ்காஃபில் ஓர நூல் அறுந்துகொண்டே இருக்கிறது (அவசரம்)

நூல்கண்டு (செவ்வாய் இரவு)
வணக்கம். டயமன்ட் டிசைனில் ஸ்காஃப் நெய்கிறேன். முதலாவது நல்லாக வந்தது. இரண்டாவது தொடங்கினதில் இருந்து ஓரத்து நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, வலப் பக்கம்தான் கூட. முடிந்து முடிந்து கை ஓய்ந்து போச்சு. டயமன்டும் முதல் ஸ்காஃபில் இருந்த மாதிரி இல்லை, நீட்டிக்கொண்டு போகிறது. குறுக்கு நூலைத் தட்டுவது அதே தட்டுத்தான். வெள்ளிக்கிழமை ஓடர் கொடுக்க வேண்டும், கொழும்பில் இருந்து வந்து எடுப்பார்கள். தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கள்.

வாவிக்கரை
தங்கச்சி, என்ன நூல்? எத்தனையாம் நம்பர் அச்சு (நூல் கோர்த்துத் தட்டுகிற பல் சட்டம்)? அச்சில் பாவு (நெடுக்கு நூல்) எவ்வளவு அகலம், நெய்த துணி இப்போது எவ்வளவு அகலம்? எத்தனை மிதி? ஊடையை (குறுக்கு நூலை) கொண்டு போகிற நாடா, கயிறு இழுக்கிற வீச்சு நாடாவா, கையால் தள்ளுகிற நாடாவா? ஒரு போட்டோவும் போடுங்கள். இது தெரியாமல் சொன்னால் குருட்டுச் சாத்திரம்தான் சொல்ல வேண்டி வரும்.

படுவான்கரை
கச்சான் காற்று, இந்த வறண்ட சூட்டுக் காற்றுத்தான். வேறு ஒன்றும் இல்லை. இந்த மாதங்களில் எங்கள் பக்கம் மத்தியானத்தில் நூலைத் தொட்டாலே பொட்டென்று அறும். பருத்தி ஈரம் பட்டால் பலம் கூடும், காய்ந்தால் முறுகி உடையும். அந்தக் காலத்துக் குழித்தறியில் பாவு தரையோடு ஒட்டிக் கிடந்தது, மண்ணின் குளிர்ச்சி நூலுக்கு வந்தது. இப்போது தகரக் கொட்டிலுக்குள் தறியை வைத்தால் நூல் பொரியாமல் என்ன செய்யும்? பாவுக்குக் கீழே ஈரச் சாக்கு விரியுங்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன்னும் பின்னேரமும் நெய்யுங்கள்.

மருதமுனை மைந்தன்
பாவு இறுக்கம் சரியில்லை. பின் உருளையில் சுற்றும்போது நடுவில் தாளோ மட்டையோ போடாமல் சுற்றினால் ஓரம் சரிந்து நடு மேடாகும். கொஞ்சம் நெய்து உருளை குறைந்த பிறகுதான் ஓரத்தில் வித்தியாசம் தெரியும். முதல் ஸ்காஃப் நல்லாக வந்து இரண்டாவதில் பிழைத்தது என்றால் எனக்கு அதுதான் தோன்றுகிறது. யார் பாவு சுற்றித் தந்தது?

பழையதறி
பிள்ளை, "நூல் அறுகிறது" என்று மட்டும் எழுதினால் டாக்டரிடம் போய் "சுகமில்லை" என்று சொன்ன மாதிரி. இதே கேள்விக்கு நான் இந்தக் குழுவில் எத்தனையோ தரம் பதில் எழுதியிருக்கிறேன், தேடிப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. டயமன்ட் என்றால் டுவில், சரிவுக் கோடு விழுகிற நெசவு. டுவிலுக்கு எத்தனை நூல் அடர்த்தி வேண்டும் என்று தெரியாமல் சாதா நெசவுக்குக் கட்டிய அச்சிலேயே கோர்த்து விடுகிறார்கள். ஒரு அடிக்கோலில் நூலை நெருக்கிச் சுற்றி 1 அங்குலத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். சாதா நெசவுக்கு அதில் பாதி, டுவிலுக்கு மூன்றில் இரண்டு. இந்தக் கணக்கு வராவிட்டால் மற்றது ஒன்றும் வராது.

நூல்கண்டு
எல்லாருக்கும் நன்றி. 2/40 கொட்டன். 60 அச்சு, பல்லுக்கு 2 நூல். 4 மிதி. வீச்சு நாடா. பாவு நான்தான் சுற்றினேன், மட்டை போட்டுத்தான் சுற்றினேன் மைந்தன் காக்கா. 48 நூலுக்கு ஒரு டயமன்ட். ஊர் ஆரையம்பதி. போட்டோ நாளைக்குப் போடுகிறேன், இங்கே வெளிச்சம் போதாது.

வாவிக்கரை
அகலம்?

நீலாவணை
கஞ்சி போட்டீர்களா மகள்? அதை ஒருவரும் கேட்கவில்லை. என் உம்மம்மா வெயில் ஏறுமுன்னே பாவை நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சியில் துளி தேங்காய் எண்ணெய் விட்டு, பிரஷால் ஒரே திசையில் தடவி இழுப்பா. தடவிய பிறகு நூலை விரலுக்குள் உருட்டிப் பார்ப்பா. மயிர் ஒன்றும் எழும்பக் கூடாது. அந்தப் பாவில் நான் நெய்திருக்கிறேன், ஒரு நாள் முழுக்க ஒரு முடிச்சுக்கூட விழாது. இப்போது கடையில் இருந்து நூல் வந்தால் அப்படியே தறியில் ஏற்றுகிறார்கள், அப்புறம் அறுகிறது என்று அழுகிறார்கள்.

பழையதறி
2/40 இரட்டை இழை. இரண்டு இழையை முறுக்கிய நூலுக்கு அந்த முறுக்கே பலம், கஞ்சி தேவையில்லை. ஒற்றை இழைக்குத்தான் கஞ்சி. இதுகூடத் தெரியாமல் ஆலோசனை சொல்வது கேட்கிற பிள்ளையைக் குழப்பும்.

நீலாவணை
நான் தறியில் இருந்து சாப்பிட்டு வளர்ந்தவள். இரட்டை இழைக்கும் மெல்லிய கஞ்சி போட்டால் அச்சில் உரசும்போது மயிர் எழும்பாது. தேவையில்லை என்பது வேறு, போட்டால் நல்லது என்பது வேறு.

படுவான்கரை
கஞ்சி போட்டுக் கச்சானில் விட்டால் நூல் இன்னும் காய்ந்து உடையும். அது முறுகாமல் மென்மையாக வைக்கத்தானே எண்ணெய் விட்டார்கள்? நான் சொன்னதுக்கே திரும்ப வருகிறோம்.

மருதமுனை மைந்தன்
பாவு ஏற்கெனவே உருளையில் சுற்றி, பாதி நெய்தும் ஆச்சு. வெள்ளிக்கிழமைக்கு இடையில் அவிழ்த்துக் கஞ்சி போடச் சொல்கிறீர்களா ராத்தா?

கல்லடிக்காரன்
குறை நினைக்க வேண்டாம். ஒரு ஓடருக்கு இவ்வளவு பாடு படத்தான் வேண்டுமா? மருதமுனையில் இப்போது பவர்லூமில் எவ்வளவோ வருகிறதே. டிசைனைக் கொடுத்தால் ஓரம் அறாமல் நெய்து தருவார்கள்.

மருதமுனை மைந்தன்
தம்பி, பவர்லூம் வைத்திருப்பவன் என் சொந்தக்காரன்தான், அவன் தொழிலை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கைத்தறி என்று ஓடர் எடுத்துவிட்டு பவர்லூம் துணியைக் கொடுத்தால் அது ஏமாற்று. வாங்குகிறவர் கையால் நெய்த துணிக்குத்தான் காசு தருகிறார். வெளிநாட்டுத் துணி வராத 1970 முதல் 77 வரையான காலத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். 77க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிட எத்தனையோ தறி விறகாகப் போனது. மிச்சம் இருந்ததில் எவ்வளவோ 2004 டிசம்பர் 26 கடலோடு போனது. அதுக்குப் பிறகும் தறியை விடாமல் பிடித்தவர்கள் இருக்கிறார்கள் என்றால் கையால் நெய்த துணிக்கு இன்னும் ஆள் இருக்கிறது என்பதால்தான்.

கல்லடிக்காரன்
நான் ஏமாற்றச் சொல்லவில்லை அண்ணா. பவர்லூம் என்று சொல்லியே கொடுக்கலாமே என்றுதான் சொன்னேன். சாரனில் எத்தனை பேர் பார்த்து வாங்குகிறார்கள்?

நீலாவணை
சாரனுக்கும் ஸ்காஃபுக்கும் கதை வேறு தம்பி. ஸ்காஃபைக் கழுத்தில் போட்டு விரலால் தடவிப் பார்ப்பார்கள். கையால் நெய்ததில் ஊடை கொஞ்சம் மூச்சு விட்டுக் கிடக்கும், அதனால்தான் அந்தத் துணி கழுத்தில் படியும்.

பழையதறி
கைத்தறி, பவர்லூம் வித்தியாசத்தை மூச்சு என்று சொல்லி முடித்துவிட முடியாது. பவர்லூமில் பாவு இறுக்கம் கூட. அதனால்தான் துணி விறைப்பு. நல்ல கைத்தறிக்காரன் நெய்தால்...

வாவிக்கரை
இந்தக் கதையைத் தனிப் பதிவில் வைத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை ஓடர். நூல்கண்டு, அகலம் இன்னும் சொல்லவில்லை. அத்தோடு ஒரு வேலை செய்யுங்கள்: முதல் ஸ்காஃபில் 10 டயமன்டைச் சேர்த்துக் குறுக்காக அளந்து எழுதுங்கள், நெடுக்காகவும் 10 அளந்து எழுதுங்கள். இரண்டாவது ஸ்காஃபிலும் அப்படியே. டயமன்ட் உண்மையில் நீண்டதா என்று பார்ப்போம்.

நூல்கண்டு (புதன் மத்தியானம்)
அச்சில் 22 அங்குலம். முதல் ஸ்காஃப் 21. இப்போது நெய்கிறது 19 அரை.
முதலாவது: குறுக்கே 10 டயமன்ட் 19.4 சென்ரிமீற்றர், நெடுக்கே 19.5.
இரண்டாவது: குறுக்கே 18, நெடுக்கே அதே 19.5.

வாவிக்கரை
இதைத்தான் தேடினேன். நெடுக்கே அதே 19.5. டயமன்ட் நீளவில்லை தங்கச்சி, ஒடுங்கியிருக்கிறது. உங்கள் தட்டு நல்ல தட்டு, அதை மாற்ற வேண்டாம். துணிதான் உள்ளே இழுபடுகிறது. 22 அச்சில் 21 வருவது ஒழுங்கு, 19 அரை மிகவும் குறைவு. நூல் அறுவதும் இதனால்தான். அச்சில் 22க்கு விரிந்து நிற்கிற நூல் நெய்த இடத்தில் 19 அரைக்கு ஒடுங்க வேண்டும். அப்போது ஓரத்து நூல் நேராக வராமல் சரிந்து வந்து அச்சின் கடைசிப் பல்லில் ஒவ்வொரு தட்டுக்கும் உரசும். விரலை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், நூல் பஞ்சு பிடித்திருக்கும்.

ஆகவே இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்று. ஊடை நூல் இறுகிப் போகிறது. முதல் ஸ்காஃபுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் என்ன மாறியது?

நூல்கண்டு
ஒன்றும் மாறவில்லை அண்ணா. அதே நூல், அதே பாவு. நாடாவின் முனை பிளந்து போனதால் வேறு நாடா போட்டேன், அவ்வளவுதான்.

மருதமுனை மைந்தன்
அதைத்தானே முதலே சொல்லியிருக்க வேண்டும் தங்கச்சி. சரி, என் பாவு இறுக்கக் கதையை விடுங்கள்.

பழையதறி
நாடாவை மாற்றியதை "ஒன்றும் மாறவில்லை" என்று எழுதுகிற ஆட்களுக்கு எப்படித்தான் உதவி செய்வது? இருந்தாலும் சொல்கிறேன், கவனமாகச் செய்யுங்கள். பொபின் போட்ட நாடாவில் கண்ணில் இருந்து வருகிற நூல் நுனியைப் பிடித்துக்கொண்டு நாடாவைத் தொங்க விடுங்கள். மெதுவாக இழுத்தால் நூல் வழுவழுவென்று இறங்கி வர வேண்டும். விட்டு விட்டு வந்தாலோ, வராமல் நின்றாலோ பிழை அங்கேதான். பொபினைத் தடிப்பாகச் சுற்றினால் நூல் நாடாவின் சுவரில் உரசும், அதை மெல்லிசாகச் சுற்றுங்கள். கண்ணில் கீறல் இருக்கிறதா என்று ஒரு நைலோன் காலுறைத் துண்டை உள்ளே விட்டு இழுங்கள், கீறல் இருந்தால் சிக்கும். நூல் ஓடாமல் பிடிக்க உள்ளே ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டு மாதிரி வழுக்குகிற நூலுக்கு அப்படி ஒட்டுவார்கள். கொட்டனுக்கு அவ்வளவு பிடி கூடாது.

வலப் பக்கம் கூடுதலாக அறுவதுக்கும் இதுதான் காரணமாக இருக்கும். கண் நாடாவின் ஒரு முனைப் பக்கம் இருக்கிறது, ஆகவே போகிற திசைக்கும் வருகிற திசைக்கும் இழுவை ஒன்றில்லை.

படுவான்கரை
சரி, நாடாதான் முதல் காரணம் என்று ஒத்துக்கொள்கிறேன். ஈரச் சாக்கை மட்டும் விட வேண்டாம். உரசுகிற நூல் காய்ந்தும் இருந்தால் இன்னும் கெதியாக அறும்.

கல்லடிக்காரன்
எனக்கு ஒரு சந்தேகம். டுவிலில் ஓரத்து நூல் சில மிதிக்கு ஊடையில் பிடிபடாமல் தொங்கும் அல்லவா? ஓரத்தில் ஒரு நூலை விழுதில் (மிதித்தால் நூலைத் தூக்கி இறக்குகிற கண்ணில்) கோர்க்காமல் அச்சில் மட்டும் விட்டு, நாடா உள்ளே போகும்போது அதுக்கு மேலாலும் வெளியே வரும்போது கீழாலும் விட்டால் ஓரம் பிடிக்கும் என்று கேள்விப்பட்டேன். அதையும் செய்யலாமே.

பழையதறி
அது கையால் தள்ளுகிற நாடாவுக்கு. வீச்சு நாடா பெட்டியில் இருந்து பறந்து போகிறது, ஒரு நூலுக்கு மேலே போ, கீழே வா என்று அதுக்கு யார் சொல்வது? வீச்சுத் தறியில் ஓரத்துக்கு வேறாக இரண்டு விழுதுச் சட்டம் போட்டுச் சாதா நெசவாக நெய்ய வேண்டும். 4 மிதித் தறியில் அதுக்கு இடமில்லை. ஆகவே ஓரத்தில் சில நூலை இரட்டையாகக் கோர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வாவிக்கரை
அதுவும் அடுத்த பாவுக்கு. இந்தப் பாவில் இப்போது கை வைக்க வேண்டாம். நூல்கண்டு, துணியை அகலத்துக்கு விரித்துப் பிடிக்கிற ஊசிப்பல் கம்பு இருந்தால் போடுங்கள். அச்சில் இருக்கிற அகலத்தை விடக் கொஞ்சம் குறைவாக விரித்து, நெய்கிற விளிம்புக்குக் கிட்ட வைத்து, கொஞ்சம் நெய்ததும் முன்னே நகர்த்துங்கள். ஆனால் நாடாவைப் பார்க்காமல் கம்பை மட்டும் போட்டால் ஊடை இழுத்த இழுப்பில் ஓரம் கிழியும். முதலில் நாடா.

நீலாவணை
மகள், அறுந்த நூலைப் புது நூலோடு முடியும்போது முடிச்சு அச்சுக்குப் பின்னால் இருக்கட்டும். ஏற்கெனவே பஞ்சு பிடித்த நூலை நம்ப வேண்டாம், அறுவதுக்கு முன்னமே மாற்றி விடுங்கள். ஓரத்து நூல்களுக்கு மட்டும் ஒரு துணியில் மெல்லிய கஞ்சி தொட்டுத் தடவலாம், அதுக்குப் பாவை அவிழ்க்கத் தேவையில்லை.

நூல்கண்டு (புதன் இரவு)
நாடாவுக்குள் இரண்டு பக்கமும் கம்பளித் துண்டு ஒட்டியிருந்தது. ஒரு பக்கத்தை உரித்துவிட்டேன், பொபினும் மெல்லிசாகச் சுற்றினேன். இப்போது 20 முக்கால் வருகிறது. ராத்தா சொன்ன மாதிரி ஓரத்தில் கஞ்சி தடவினேன். பின்னேரத்தில் இருந்து ஒரு நூலும் அறவில்லை. எல்லாருக்கும் நன்றி. நெய்யப் போகிறேன்.

மருதமுனை மைந்தன்
மாஷா அல்லாஹ். போட்டோவை மறக்க வேண்டாம் தங்கச்சி.

நீலாவணை
ஆகக் கஞ்சியும் வேலை செய்திருக்கிறது.

பழையதறி
கம்பளித் துண்டு எடுத்ததுதான் வேலை செய்தது.

வாவிக்கரை
நூல்கண்டு, 19 அரையில் நெய்த அந்தப் பகுதியை என்ன செய்தீர்கள்? பாதி ஒடுங்கியும் பாதி 20 முக்காலும் ஒரே ஸ்காஃபில் வந்தால் மடித்த உடனே தெரியும். அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது நல்லது. கொடுக்கிறதுக்கு முன் ஒன்றைக் கழுவிக் காயவைத்து அகலம் அளந்து பாருங்கள். கொட்டன் தண்ணீரில் இன்னும் கொஞ்சம் சுருங்கும், ஓடர்க்காரர் எந்த அளவு கேட்டார் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.