கேட்காமலே வந்த சரிபார்ப்புக் குறியீடு: என்ன செய்யலாம்?

நண்பர்களே, அம்மாவின் மின்னஞ்சல் கணக்குக்கான ஆறு இலக்கக் குறியீடு நள்ளிரவில் குறுஞ்செய்தியாக வந்தது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். காலையில் யாரோ அழைத்து, "தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, அந்த எண்ணைச் சொல்லுங்கள் அம்மா" என்று பணிவாகக் கேட்டிருக்கிறார். அம்மா சொல்லவில்லை, அவரது நிதானம் எனக்குப் பெருமை.

செயலியை நேரடியாகத் திறந்து கடவுச்சொல்லை மாற்றிவிட்டோம். உள்நுழைந்திருந்த சாதனங்களில் அந்நியமானது எதுவும் இல்லை.

கடவுச்சொல்லை மறந்ததாகச் சொல்லி கைபேசி எண்ணை மட்டும் கொடுத்தாலும் குறியீடு வரும். சரியான கடவுச்சொல்லை இட்டாலும் வரும். இங்கே நடந்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய கடவுச்சொல் கசிந்திருக்குமோ என்பதே என் பயம்.

குறுஞ்செய்திக்குப் பதிலாக அங்கீகாரச் செயலிக்கு (கைபேசியிலேயே குறியீட்டை உருவாக்கித் தரும் செயலி) மாறவும் நினைக்கிறோம். கைபேசி தொலைந்தால் தேவைப்படும் மீட்புக் குறியீடுகளை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.