எல்28-க்குப் பலமான கேம்ஷாஃப்ட்: ஸ்டீல் பில்லெட்டா, புது வார்ப்பா, ரீகிரைண்டா?

நீலஇசட்:

வணக்கம். வண்டி டாட்சன் 240இசட், உள்ளே எல்28 (2.8 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின்). எஃப்54 பிளாக், தட்டைத் தலை பிஸ்டன், என்42 ஹெட், மூன்று மிக்கூனி 44 கார்புரேட்டர். கம்ப்ரஷன் 10:1 பக்கம். ஹெட்டில் இப்போது இருப்பது யாரோ ரீகிரைண்ட் செய்த (பழையதை மறுபடி அரைத்த) கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), அதன் அளவுகள் எழுதிய கார்டு கிடையாது. வால்வு கவரைக் கழற்றிப் பார்த்தால் பின்பக்கம் இரண்டு லோபின் (வால்வைத் தள்ளும் முட்டை வடிவப் புடைப்பு) மூக்கு தேய்ந்திருக்கிறது. அவற்றின் ராக்கர் (லோபுக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள நெம்புகோல்) முகத்தில் நகம் வைத்தால் தட்டுகிற அளவுக்குப் பள்ளம்.

இந்த முறை தேயாத, பலமான கேம் போட வேண்டும். ஸ்டீல் பில்லெட் (ஒரே எஃகுக் கட்டியிலிருந்து கடைந்தது) தேவையா, புது வார்ப்பே போதுமா? எங்கே வாங்கலாம்? பெரும்பாலும் சாலைதான், எப்போதாவது டிராக். 6,800 ஆர்பிஎம் வரை சுத்தமாக இழுக்க வேண்டும், ஐடில் 1,000-ல் நிற்க வேண்டும். கேமோடு சேர்த்து வேறு என்னென்ன மாற்ற வேண்டும்?

வால்வுக்காரன்:

ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒன்று. எல் எஞ்சினில் கேம் முறிவது அபூர்வம். கீழே போட்டு விரிசல் விட்டிருந்தாலோ, கேம் டவர்கள் (கேமைத் தாங்கும் தூண்கள்) நேர்கோட்டில் இல்லாவிட்டாலோதான் முறியும். மற்றபடி லோப் தேயும். தேய்வதற்குக் காரணம் பெரும்பாலும் கேமின் உலோகம் அல்ல: எண்ணெய் போய்ச் சேராதது, ஸ்பிரிங் அளவுக்கு மீறி இறுகியது, ராக்கர் முகத்தின் ஓரத்தில் லோப் ஓடுவது, பழைய ராக்கரைப் புது லோபோடு ஜோடி சேர்த்தது. இந்த நாலில் எது என்று தெரியாமல் பில்லெட் வாங்கினால் அதுவும் அதே இடத்தில் தேயும்.

எண்ணெயிலிருந்து ஆரம்பியுங்கள். சில ஹெட்டில் லோபுகளுக்கு மேலே ஸ்பிரே பார் (எண்ணெய் தெளிக்கும் குழாய்) இருக்கும். சிலவற்றில் கேமின் நடுவே துளையிட்டு ஒவ்வொரு லோபிலும் ஓட்டை விட்டிருக்கும். ஸ்பிரே பார் என்றால் அதன் மூட்டுகள் தளர்ந்து, எண்ணெய் அங்கேயே ஒழுகிவிடும். தூரத்து லோபுகளுக்குச் சொட்டுகூடப் போகாது. உங்கள் தேய்மானம் பின்பக்கம் மட்டும் இருப்பதால் இதைத்தான் முதலில் பார்ப்பேன். துளையுள்ள கேம் என்றால் ஒவ்வொரு ஓட்டையிலும் மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள். நீளத் துளையின் முனையில் அடைப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது கழன்றிருந்தால் அழுத்தம் எல்லாம் அந்த வழியாகவே போய்விடும். புதுக் கேம் வாங்கும்போது உங்கள் ஹெட் எந்த வகை என்று சொல்லியே வாங்குங்கள். துளையில்லாத கேமை வாங்கி, ஸ்பிரே பார் இல்லாத ஹெட்டில் போட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே கதை முடிந்தது.

280இசட்எக்ஸ் டர்போவின் எண்ணெய் பம்ப் அப்படியே பொருந்தும், அதிக எண்ணெய் தள்ளும். பழைய பம்ப் தேய்ந்திருந்தால் அதைப் போடுங்கள். ஆனால் ஒழுகும் ஸ்பிரே பாருக்குப் பெரிய பம்ப் மருந்தாகாது.

லேத்வாசு:

உலோகத்தைப் பத்தி நான் சொல்றேன். சாலை வண்டிக்கு, உங்க ஆர்பிஎம்முக்கு, நல்ல வார்ப்பிரும்புக் கேமே போதும். வார்க்கும்போதே லோபைக் குளிரவெச்சுக் கெட்டியாக்கின வகையைச் சொல்றேன். எல் எஞ்சின் ராக்கரோட கடினமான முகம் அந்த உலோகத்தோட நல்லா ஒத்துப் போகும். ஸ்டீல் பில்லெட் வேணும்னா கேம் மட்டும் பத்தாது. அதோட ஓடக்கூடிய ராக்கர் எதுன்னு விக்கிறவங்களே எழுத்துல சொல்லணும். சொல்லலைன்னா வாங்காதீங்க. பில்லெட்டுக்கு அர்த்தம் வர்றது ரொம்ப உயரமான லிஃப்ட் (வால்வு தூக்குற உயரம்), கடுமையான ஸ்பிரிங், 8,000-க்கு மேல சுத்துற ரேஸ் எஞ்சின்லதான்.

ரீகிரைண்ட் மோசம்னு சொல்ல மாட்டேன். ஆனா கெட்டியான மேல்தோலுக்கு ஆழம் குறைவு. ஏற்கெனவே ஒரு தடவை அரைச்ச கேமை மறுபடி அரைச்சா அந்தத் தோலைத் தாண்டி மெத்துனு இருக்கிற இடத்துக்குப் போயிடலாம். உங்ககிட்ட இருக்கிறது அந்த ரகமா இருக்கவும் வாய்ப்பு உண்டு. ரீகிரைண்ட் பண்றதா இருந்தா இதுவரை அரைக்காத அசல் கேமைத் தேடி அனுப்புங்க. அரைச்சு முடிச்சதும் பாஸ்பேட் பூச்சு போடச் சொல்லுங்க. அமெரிக்காவுல டகோமாவில இருக்கிற டெல்டா கேம்ஷாஃப்ட், கனடாவுல கோல்ட் கேம்ஸ் மாதிரி இடங்கள்ல இந்த வேலை நடக்குது. புதுசுன்னா ஐஸ்கி, ஷ்னைடர், ஜப்பான்ல கமேயாரி.

எங்க வாங்கினாலும் பேஸ் சர்க்கிள் (லோபுல வால்வைத் தூக்காத வட்டப் பகுதி) விட்டத்தைக் கேட்டு வாங்குங்க. எல் எஞ்சின்ல பாதிப் பேர் தடுக்கி விழற இடம் இதுதான். ராக்கரோட ஒரு முனை பிவட் மேல, இன்னொரு முனை வால்வு மேல இருக்கிற லாஷ் பேடுல (சின்னத் தட்டு), நடுவுல மேலயிருந்து கேம் அழுத்துது. ரீகிரைண்ட்ல லிஃப்ட் கூட்டணும்னா பேஸ் சர்க்கிளைத்தான் குறைப்பாங்க. இடைவெளி பெருசாகும். அதை பிவட்டை மட்டும் தூக்கிச் சரி பண்ணினா லாஷ் (அந்த இடைவெளி) என்னவோ சரியா வந்துடும், ஆனா ராக்கர் சாய்ஞ்சுடும். லோப் ராக்கர் முகத்துல பிவட் பக்கமா நகர்ந்து, விளிம்பு தாண்டி ஓடும். அப்புறம் ரெண்டுமே போயிடும்.

கணக்கு சுலபம். பேஸ் சர்க்கிள் விட்டம் அசலைவிட 2 மிமீ குறைஞ்சா ஆரம் 1 மிமீ குறைஞ்சது. லாஷ் பேடும் சுமார் 1 மிமீ தடிமன் கூடணும். இது வெறும் ஆரம்பக் கணக்கு. வால்வு சீட்டை வெட்டியிருந்தா வால்வுத் தண்டு மேல வந்திருக்கும், அந்த அளவைக் கழிச்சுக்கணும்.

சரிபார்க்க: லோபுல நீல மை தடவி, லாஷ் சரியா வெச்சு, கையால ரெண்டு சுத்து சுத்துங்க. ராக்கர் முகத்துல விழுற தடம் நடுவுல இருக்கணும், ரெண்டு பக்கமும் விளிம்பைத் தொடக் கூடாது. தடம் பிவட் பக்கமா ஒதுங்கினா இன்னும் தடிமனான பேடு, வால்வு பக்கமா ஒதுங்கினா மெல்லிசு. பேடு மாத்தின ஒவ்வொரு தடவையும் லாஷை மறுபடி வெச்சுட்டுத்தான் தடம் பாக்கணும். ஒரு வால்வுல பாத்துட்டு பன்னண்டுக்கும் அதே பேடுன்னு வாங்கிடாதீங்க. ஒரு இன்டேக், ஒரு எக்ஸாஸ்டாவது பாருங்க. சீட் வெட்டின ஹெட்டா இருந்தா பன்னண்டையும் பாக்கணும். பேடு ரொம்ப மெல்லிசா இருந்தா ராக்கரோட அடிப்பக்கம் ரிடெய்னர்ல (ஸ்பிரிங்கைப் பிடிக்கிற தொப்பி) இடிக்கும், காட்டர் (அதை வால்வுத் தண்டோட பூட்டுற துண்டு) தெறிச்சு வால்வு உள்ள விழுந்துடும்.

ராக்கர் பன்னண்டும் புதுசு போடுங்க. இல்லைன்னா அதே வளைவு ஆரத்துல மறுபடி முகம் அரைச்சது போடுங்க. பள்ளம் விழுந்ததை உப்புத்தாள்ல தேய்ச்சுப் போடுற வேலை வேணாம்.

நீலஇசட்:

மிக்க நன்றி. ஹெட் ஸ்பிரே பார் வகைதான். கையால் ஆட்டினால் மூட்டு ஆடுகிறது! சரி, அடுத்த கேள்வி: எந்த டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் கிராங்க் டிகிரி)? ஒரு கடையில் 280, இன்னொன்றில் 302 சொல்கிறார்கள். ஜப்பானியப் பட்டியலில் 72 டிகிரி, 76 டிகிரி என்று போட்டிருக்கிறது, ஒன்றும் புரியவில்லை.

வால்வுக்காரன்:

ஜப்பானியப் பட்டறைகள் எழுதும் அந்த எண்ணை நாலால் பெருக்குங்கள். 72 என்றால் 288, 76 என்றால் 304.

ஆனால் இரண்டு கடைகளின் விளம்பர எண்ணை அப்படியே ஒப்பிடாதீர்கள். வால்வு எவ்வளவு தூக்கியதிலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள் என்பது கடைக்குக் கடை மாறும். 1.27 மிமீ, அதாவது 0.050 அங்குல லிஃப்டில் எடுத்த டியூரேஷனைக் கேளுங்கள். ஒப்பிட அதுதான் உதவும். கூடவே வால்வு லிஃப்ட், லோப் சென்டர் இடைவெளி (இன்டேக், எக்ஸாஸ்ட் லோபுகளின் உச்சங்களுக்கு நடுவிலுள்ள கோணம்), இன்டேக் சென்டர்லைன் (இன்டேக் உச்ச லிஃப்ட் வரும் கிராங்க் டிகிரி), லாஷ் அளவு, அவர்கள் சொல்லும் ஸ்பிரிங் இவை எல்லாம் கார்டில் இருக்க வேண்டும். எல்28-ல் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே தண்டு. லோப் சென்டர் இடைவெளி அரைக்கும்போதே முடிவாகிவிடும். இரட்டைக் கேம் எஞ்சினைப் போல் பிறகு திருப்பி மாற்ற முடியாது.

உங்கள் 10:1, சாலை, 6,800 என்ற கணக்குக்கு 280 முதல் 288 வரை. 300-க்கு மேல் போனால் கீழ் ஆர்பிஎம் செத்துவிடும். அதற்கு 11:1-க்கு மேல் கம்ப்ரஷனும் 7,000 தாண்டிச் சுற்றும் கீழ்ப்பகுதியும் வேண்டும். எல் ஆறின் நீளமான கிராங்க் அந்த வேகத்தில் முறுக்கி அதிரும், நல்ல டாம்பர் (அதிர்வு தணிப்பான்) இல்லாமல் அங்கே போகக் கூடாது. மூன்று மிக்கூனி இருப்பதால் ஓவர்லாப் (இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) கொஞ்சம் கூடினாலும் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. பழைய மடல் வகை காற்றளவி வைத்த ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் என்றால் இந்தக் கேமையே சொல்லியிருக்க மாட்டேன், பின்னடிக்கும் காற்றில் மடல் தடுமாறும்.

ஸ்பிரிங்: முழு லிஃப்டில் சுருள்கள் ஒட்டிக்கொள்ள இன்னும் 1 மிமீ-க்குக் குறையாமல் மிச்சம் இருக்க வேண்டும், ரிடெய்னரின் அடிக்கும் கைடு சீலுக்கும் இடையே 1.5 மிமீ. கடினமானது நல்லது என்று நினைத்து ரேஸ் ஸ்பிரிங் போடாதீர்கள். கேம் கடை சொன்ன அழுத்தத்துக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் லோபின் மூக்கில்தான் விழுகிறது.

பிஸ்டன் இடைவெளியையும் அளக்க வேண்டும், உங்களுடையது தட்டைத் தலை. டயல் கேஜ், மெல்லிய சோதனை ஸ்பிரிங் வைத்து, இன்டேக்கை டிடிசிக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) பின் 5 முதல் 15 டிகிரி வரை, எக்ஸாஸ்டை டிடிசிக்கு முன் அதே அளவில், டிகிரிக்கு டிகிரி கையால் அழுத்திப் பாருங்கள். இன்டேக்கில் 2 மிமீ, எக்ஸாஸ்டில் 2.5 மிமீ குறைந்தபட்சம். கேமை அட்வான்ஸ் செய்தால் (முன்னதாகத் திறக்க வைத்தால்) இன்டேக் பிஸ்டனை நெருங்கும் என்பதால் கீழே சொல்வதுபோல் டிகிரி பார்த்து முடித்த பிறகுதான் இதை அளக்க வேண்டும்.

டிகிரி பார்க்க: முதல் சிலிண்டரின் இன்டேக் ரிடெய்னரில் டயல் கேஜ், கிராங்கில் டிகிரி வீல். உச்ச லிஃப்டுக்கு 1.27 மிமீ முன்னால் ஒரு அளவு, தாண்டி 1.27 இறங்கியதும் இன்னொரு அளவு. 72, 144 என்று வந்தால் சராசரி 108. கார்டு 106 என்றால் கேம் 2 டிகிரி தாமதம். செயின் நீண்டிருந்தால் இப்படித்தான் வரும். கேம் ஸ்பிராக்கெட்டில் (செயின் மாட்டும் பற்சக்கரம்) இருக்கும் மூன்று ஓட்டைகளில் அடுத்ததற்கு மாற்றினால் 4 டிகிரி முன்னே வரும், அதாவது 104. சாலைக்கு அது கெட்டதல்ல. துல்லியமாக வேண்டும் என்றால் அட்ஜஸ்டபிள் ஸ்பிராக்கெட்.

லேத்வாசு:

ஒண்ணு விட்டுப்போச்சு. ஸ்பிராக்கெட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி செயின் நடுவுல மரக்கட்டை ஆப்பு இறக்குங்க. இல்லைன்னா டென்ஷனர் (செயினை இறுக்கிப் பிடிக்கிறது) வெளிய குதிச்சு, முன் கவர் முழுக்கக் கழட்ட வேண்டி வரும். கேம் டவரைத் தொடாதீங்க. கேமை அப்படியே உருவலாம். டவர்கள் ஹெட்டோட சேர்த்தே துளையிட்டது, இடம் மாறினா கேம் இறுகிடும். புதுக் கேம், ராக்கர் போடாம, ரெண்டு விரலால சுத்தணும். சுத்தலைன்னா ஹெட் வளைஞ்சிருக்கு. ஹெட்டை நிறைய சீவியிருந்தா டவருக்கு அடியில அதே அளவு ஷிம் (மெல்லிசு தகடு) வரணும், அப்ப லாஷ் பேடு கணக்கும் மாறும்.

கார்ப்_கருணா:

முதல் ஸ்டார்ட் பற்றி யாரும் எழுதவில்லை. புதுக் கேம் சாவது பெரும்பாலும் அந்த முதல் அரை மணியில்தான். லோபிலும் ராக்கர் முகத்திலும் மாலிப்டினம் பேஸ்ட். எண்ணெயில் துத்தநாகச் சேர்ப்பு இருக்க வேண்டும், 1,000 பிபிஎம்-க்குக் குறையாமல். இப்போதைய கார்களுக்கு விற்கும் எண்ணெய்களில் பலவற்றில் அது குறைவு. எண்ணெய் அழுத்த சென்சார் துளை வழியாக வெளியிலிருந்து எண்ணெயை அழுத்தி, ஸ்பிரே பாரில் பன்னிரண்டு இடத்திலும் வருகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டே கவரை மூடுங்கள். கார்ப் கிண்ணங்களை நிரப்பி, இக்னிஷன் டைமிங்கை முன்பே வைத்துவிடுங்கள். ஸ்டார்ட்டரை வைத்து அரைத்துக்கொண்டே இருக்கக் கூடாது.

பிடித்ததும் நேராக 2,000-க்கு ஏற்றி, 2,000–2,500 இடையே மாற்றி மாற்றி 20 நிமிடம். ஐடிலுக்கு இறக்காதீர்கள். ஏதாவது ஒழுகினால் எஞ்சினை நிறுத்துங்கள், ஐடிலில் விட்டுப் பார்க்க வேண்டாம். பிறகு எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள்.

லாஷ் கார்டில் உள்ளபடி. அசல் கேமுக்கு ஆறிய நிலையில் இன்டேக் 0.20 மிமீ, எக்ஸாஸ்ட் 0.25 மிமீ, சூட்டில் 0.25, 0.30 மிமீ. ரீகிரைண்டுக்கு இது பொருந்தாமல் போகலாம்.

வால்வுக்காரன்:

கருணா சொன்னதோடு, இரட்டை ஸ்பிரிங் என்றால் அந்த 20 நிமிடத்துக்கு உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள்.

கார்ப்_கருணா:

கடுமையான ஸ்பிரிங் என்றால் சரி. 280 கேமுக்குச் சொல்லும் சாதாரண அழுத்தத்துக்கு அவசியமில்லை. ஹெட் வண்டியில் இருக்கும்போது பன்னிரண்டு காட்டரையும் மறுபடி கழற்றி மாட்டுவதில் வேறு தவறு வர வாய்ப்பு அதிகம்.

நீலஇசட்:

புரிந்தது. புது ஸ்பிரே பார், 280-ல் புது வார்ப்புக் கேம், பன்னிரண்டு புது ராக்கர். லாஷ் பேடை மட்டும் கேம் கைக்கு வந்து, மை தடம் பார்த்த பிறகு ஆர்டர் போடுகிறேன்.